வாயில் காக்கும் புரதம்

   

ஒரு சொல் முடிந்து மறுசொல் தொடங்கும் இடத்தைத் தமிழ் இலக்கண நூலார் நோக்கிய அளவு கூர்ந்து நோக்கியவர் உலகில் மிகச் சிலரே. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் பின்னைய ஆறும் அந்த ஓரிடத்தைப் பற்றியனவே. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடும்போது ஒன்று தோன்றலாம், ஒன்று திரியலாம், ஒன்று கெடலாம், ஏதும் நேராமல் இயல்பாகவும் நிற்கலாம். சொற்களைவிடச் சொற்கள் சந்திக்கும் இடமே நுட்பமானது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மூளையிலும் அத்தகைய சந்திப்பிடங்கள் உண்டு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். ஒரு செல்லின் கிளை நுனி மற்றொரு செல்லை நெருங்கி நிற்கும்; ஆனால் தொடுவதில்லை. அவ்விடத்திற்குச் சினாப்ஸ் என்று பெயர். அப்பெயரைத் தந்தவர் உடலியல் அறிஞர் அல்லர் என்பது இலக்கிய வட்டத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி. 1897இல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் ஃபாஸ்டர் தம் உடலியல் பாடநூலின் புதிய பதிப்பை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். நரம்பு மண்டலம் பற்றிய பகுதியை எழுதித் தந்த சார்லஸ் ஷெரிங்டனுக்கு இந்தச் சந்திப்பிடத்தைக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. அவர் மனத்தில் முதலில் வந்தது ‘சின்டெஸ்ம்’ என்ற சொல். ஃபாஸ்டர் தம் நண்பரும், கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீசைத் துறைபோகக் கற்றவருமான வெரால் என்பவரைக் கேட்டார். பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து ‘சினாப்ஸ்’ என்பதை அவர் எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்து பெயரடை ஆக்குவது எளிது என்பது அவர் கூறிய காரணம். ஓர் இலக்கண ஆசிரியர் சொல்லக்கூடிய காரணம்தான். ஷெரிங்டனும் வெறும் ஆய்வுக்கூடத்து மனிதர் அல்லர். 1925இல் தம் கவிதைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டவர்.

பற்றிக்கொள்ளுதல் என்று பெயரிட்டார்களேயொழிய, உண்மையில் அங்கிருப்பது ஓர் இடைவெளி. ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறளவு அகலம் கொண்டது. நரம்புகள் யாவும் ஒரே வலையாகப் பின்னிக் கிடக்கின்றன என்றார் இத்தாலியின் கோல்கி. ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்றார் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால். 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்தளித்தபோதும் அவர்கள் ஒத்துப்போகவில்லை. பரிசேற்பு உரையிலேயே கோல்கி கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். காலம் கஹாலின் பக்கம் நின்றது.

அப்படியானால் இடைவெளியைச் செய்தி கடப்பது எவ்வாறு? இதற்கு விடை ஒரு கனவில் வந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பேராசிரியராக இருந்த ஆட்டோ லோவி, ஈஸ்டர் காலத்து இரவு ஒன்றில் உறக்கத்தினின்று விழித்து ஒரு தாளில் ஏதோ கிறுக்கிவிட்டு மீண்டும் உறங்கினார். காலையில் தம் கையெழுத்தை அவராலேயே படிக்க இயலவில்லை. அன்று பகல் முழுதும் தவித்தார். நள்ளிரவில் எழுதிய வரியை விடியலில் இழந்த கவிஞர்களுக்கு அத்தவிப்பு விளங்கும். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்ப வந்தது. இம்முறை அவர் எழுதிக்கொண்டிருக்கவில்லை. எழுந்து ஆய்வுக்கூடத்துக்கே போனார். இரண்டு தவளைகளின் இதயங்களை உப்புநீரில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயம் கிடந்த நீரை இரண்டாம் இதயத்துக்கு மாற்றினார். எந்த நரம்பும் தீண்டாத அவ்விதயமும் தளர்ந்தது. நரம்பு தன் செய்தியை ஒரு வேதிப்பொருளாகக் கசியவிடுகிறது என்பது 1921இல் அச்சேறிற்று. அவரும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசு பெற்றனர்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் பெர்னார்ட் கட்ஸ். லைப்சிக்கில் பிறந்த யூதரான அவர் 1935இல் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். நரம்பும் தசையும் கூடும் இடத்தில் மிக நுண்ணிய மின்முனையை வைத்துக் கேட்டபோது, யாரும் தூண்டாத வேளையிலும் சிறு சிறு மின்துடிப்புகள் எழுவதை 1952இல் அவரும் பால் ஃபாட்டும் எழுதினர். அத்துடிப்புகள் ஏறத்தாழ ஒரே அளவுடையன. தூண்டியபோது எழும் பெருந்துடிப்போ அவற்றின் முழு மடங்காக இருந்தது. ஒன்றோ, இரண்டோ, மூன்றோ உண்டு, ஒன்றரை இல்லை. செய்திப்பொருள் நீர்போல ஒழுகுவதில்லை, பொட்டலம் பொட்டலமாக வெளிவருகிறது என்பது இதனால் பெறப்பட்டது. நரம்பும் அசை பிரித்தே பேசுகிறது போலும்! சில ஆண்டுகளில் மின்னணு நுண்ணோக்கி அப்பொட்டலங்களைக் காட்டிற்று. நரம்பு நுனியில் உருண்டையான நுண்பைகள் திரண்டிருந்தன. ஒவ்வொன்றும் இடைவெளியைப்போல் இருமடங்கு குறுக்களவு. ஒவ்வொன்றுள்ளும் செய்திப்பொருளின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில்.

நுண்பை செல்லின் புறச்சவ்வோடு ஒன்றிவிட்டால் உள்ளிருப்பது இடைவெளியில் கொட்டிவிடும். மின்துடிப்பு வருகிறது, கால்சியம் உட்புகுகிறது, ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் பை திறக்கிறது. இத்தனை விரைவு வேண்டுமானால் பை முன்னரே வாயிலருகே வந்து ஆயத்தமாக நின்றிருக்க வேண்டும். ஆனால் துடிப்பு வருமுன் திறந்துவிடவும் கூடாது. நிற்க வைப்பது யார்? திறக்க விடுவது யார்?

இதற்கான தடயம் இரண்டு எளிய உயிர்களிடமிருந்து கிடைத்தது. ஒன்று மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டரே நீளமுள்ள உருளைப்புழு. முழுவளர்ச்சி பெற்ற இருபால் புழுவின் உடலில் நரம்புச் செல்கள் 302 மட்டுமே. தென்னாப்பிரிக்காவில் பிறந்த சிட்னி பிரென்னர் இப்புழுவின் மரபணுக்களைக் குலைத்து, நெளிந்து செல்ல மாட்டாமல் தடுமாறும் புழுக்களைத் தனித்தனியே பிரித்து 1974இல் பட்டியலிட்டார். ஒருங்கிசைவற்றவை என்னும் பொருளில் அவற்றிற்கு ‘அங்க்’ என்று பெயரிட்டு எண் கொடுத்தார். பதினெட்டாம் எண் பெற்றது ஏறத்தாழ வாதமுற்றுக் கிடந்தது. மற்றொன்று ரொட்டியைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட். அமெரிக்காவில் ராண்டி ஷெக்மனும் பீட்டர் நோவிக்கும், சூடேற்றினால் எதையும் வெளியே அனுப்ப மாட்டாமல் உள்ளே நுண்பைகளால் நிறைந்துபோகும் ஈஸ்ட் வகை ஒன்றை 1979இல் கண்டறிந்தனர். பழுதான மரபணுவைச் ‘செக்-1’ என்றனர்.

தடுமாறும் புழுவுக்கும் அடைத்துப்போன ஈஸ்டுக்கும் என்ன தொடர்பு? பதினான்கு ஆண்டுகள் யாரும் அறியவில்லை. 1993இல் தாமஸ் சூடாஃப் குழுவினர் எலி மூளையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தபோது, அது இவ்விரண்டுக்கும் உறவினர் என்பது தெரிந்தது. பாலூட்டியின் அங்க்-18 என்னும் பொருளில் அதற்கு மங்க்-18 என்று பெயர் வைத்தனர். வேறொரு குழுவினர் நரம்புச் செக்-1 என்றனர். மனிதரின் மரபணுப் பட்டியலிலோ ‘சின்டாக்சினைப் பிணைக்கும் புரதம் ஒன்று’ என்பதன் சுருக்கமாக எஸ்டிஎக்ஸ்பிபி-1 என்று பதிவாயிற்று. ஒரு பொருட் பன்மொழி அறிவியலிலும் உண்டு. ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், சூடாஃப் மூவரும் 2013இல் நோபல் பரிசு பெற்றனர்.

594 அமினோ அமிலங்கள் கோத்த இப்புரதத்தின் தொழில் யாது? நுண்பையும் புறச்சவ்வும் ஒன்றுவதற்கு வேறு மூன்று புரதங்கள் வேண்டும். பையின் மேல் சினாப்டோபிரெவின். சவ்வின் மேல் சின்டாக்சினும், ஸ்நாப்-25ம். இவற்றின் நான்கு இழைகள் கயிறு முறுக்குவதுபோல் ஒன்றையொன்று தழுவி முறுக்கேறும்போது, பை சவ்வோடு இழுத்து ஒட்டப்படுகிறது. மங்க்-18 வளைந்த கமான் வடிவுடையது. அதன் உட்குழிவில் சின்டாக்சினை மடக்கிப் பிடித்துக்கொள்கிறது. மடங்கிக் கிடக்கும் சின்டாக்சினால் பிறவற்றைத் தழுவ முடியாது. இதைக் கண்ட ஆய்வாளர் சிலர், மங்க்-18 ஒரு தடை என்றே முதலில் எண்ணினர். அவ்வாறாயின் தடையை நீக்கினால் நுண்பைகள் கட்டின்றித் திறக்க வேண்டுமன்றோ? புழுவிலும் ஈஸ்டிலும் நடந்ததோ அதற்கு நேர்மாறு. தடையென்று கருதப்பட்டது இல்லாதபோது எதுவுமே வெளிவரவில்லை.

தெருக்கூத்தில் வேடம் அரங்கேறும்போது இருவர் திரை பிடித்து நிற்பர். திரை வேடத்தை மறைக்கிறது. ஆனால் திரைப்பாட்டு முடிந்து அது விலகும் கணத்தில்தான் வேடம் வேடமாகிறது. மங்க்-18 செய்வதும் ஏறக்குறைய அதுவே. சின்டாக்சின் வேளைகெட்ட வேளையில் கண்ட இடத்தில் முறுக்கிக்கொள்ளாமல் மறைத்துக் காக்கிறது. உரிய இடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. மங்க்-13 என்னும் மற்றொரு புரதம் வந்து மடிப்பை விரிக்கும்போது, இழைகள் பிழையின்றிச் சேர்வதற்குத் தானே அச்சாக நின்று கொடுக்கிறது. உவமை இங்கேயே நின்றுவிடும். திரை பிடிப்பவர் ஆடுவதில்லை, இப்புரதமோ ஆட்டத்திலும் பங்குகொள்கிறது.

இம்முறுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு நஞ்சுகளே சான்று. இரணஜன்னி உண்டாக்கும் நுண்ணுயிரின் நஞ்சு சினாப்டோபிரெவினை வெட்டுகிறது என்பது 1992இல் தெரியவந்தது. முகச்சுருக்கம் போக்க ஊசி வழி ஏற்றும் போட்டுலினம் நஞ்சும் இம்மூன்று புரதங்களுள் ஒன்றை வெட்டுவதே. எஞ்சிய ஆராய்ச்சிகள் அனைத்தையும் விட, நெதர்லாந்தில் நடந்த ஒன்றுதான் இவ்வரலாற்றின் நெஞ்சை உலுக்கும் பகுதி.

மத்தெய்ஸ் ஃபெர்ஹாஹே என்பவரும் அவர் குழுவினரும் மங்க்-18 மரபணு அறவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கருவிலேயே அச்செலிகளின் மூளையில் ஒரு நுண்பையும் திறக்கவில்லை. செய்தி எதுவும் ஒரு செல்லிலிருந்து மறு செல்லுக்குப் போகவில்லை. அத்தகைய மூளை எப்படியிருக்கும்? உருக்குலைந்து கிடக்கும் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் மூளை செவ்வையாக உருவாயிற்று. அடுக்குகள் அமைந்தன, நரம்பிழைகள் தத்தம் இடம் தேடிச் சென்றன, சினாப்சுகளும் உருவத்தில் குறையின்றிப் பிறந்தன. வீடு கட்டி முடிந்தது. உள்ளே ஒரு சொல்லும் பேசப்படவில்லை. பின்னர், கட்டி முடித்த பகுதிகள் ஒவ்வொன்றாகச் சிதையத் தொடங்கின. செல்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டன. குட்டிகள் அசைவின்றிப் பிறந்தன. முதல் மூச்சை இழுக்கத் தசைக்கு ஆணை வராமையால் இறந்தன.

இதைக் கேட்கும் கவியுள்ளம் என்ன எண்ணும் என்பதை ஊகிப்பது கடினமன்று. பேசாமையால் மூளை மாய்ந்தது, உறவின்றி உயிரில்லை, மொழியற்றது வாழாது என்று ஒரு கவிதை தானே வந்து நிற்கும். அக்கவிதை அழகாகவும் இருக்கும். ஆனால் அது உண்மையன்று. மங்க்-13 இல்லாத சுண்டெலி மூளையிலும் ஒரு நுண்பையும் திறப்பதில்லை என்பதை 2002இல் மற்றொரு குழு காட்டிற்று. அம்மூளையும் ஊமைதான், எனினும் அதன் செல்கள் அவ்வாறு மாயவில்லை. சினாப்டோபிரெவினை வெட்டும் நஞ்சால் வாயடைத்த நரம்புச் செல்களும் உயிரோடிருந்தன. சின்டாக்சினை இழந்தவையோ மாய்ந்தன. ஆகவே சிதைவுக்குக் காரணம் மௌனமன்று. வாயில் காக்கும் தொழிலோடு, செல்லின் உள்ளேயும் மங்க்-18க்கு வேறொரு தொழில் இருக்கிறது; அது தவறும்போதே செல் மடிகிறது. உவமையை மெய்ம்மையின் இடத்தில் வைத்துவிடும் பழக்கம் மேடைகளில் பெருகிவிட்ட காலத்தில் இதைச் சற்று அழுத்திச் சொல்வது தகும். பேசாத மூளை பேசாமலே வாழ்ந்திருக்கவும் கூடும் என்பது முன்னைய கற்பனையைக் காட்டிலும் திகைப்பூட்டுவது. அதைப் பாடுவோர் இனித்தான் வரவேண்டும்.

இனி மனிதக் குழந்தைகளிடம் வருவோம். ஜப்பானின் ஷுன்சுகே ஒதாஹாரா, பிறந்த சில நாள்களிலோ வாரங்களிலோ தொடங்கும் கடுமையான வலிப்பு நோய் ஒன்றை 1976இல் விவரித்தார். அக்குழந்தைகளின் மூளை மின்னலை வரைவில் உயர்ந்த அலைகள் குமுறி எழும், பிறகு கோடு ஏறத்தாழப் படுத்துவிடும், மீண்டும் குமுறும். உறங்கினாலும் விழித்தாலும் அதே கோலம். காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. 2008இல் ஹிரோதோமோ சைத்சுவும் உடனாய்வாளர்களும் இந்நோயுள்ள ஒரு சிறுமியின் ஒன்பதாம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாதிருப்பதைக் கண்டனர். அத்துண்டில் அடங்கிய மரபணுக்களை ஆராய்ந்தபோது, அவளோடு உறவில்லாத வேறு நான்கு குழந்தைகளிடம் மங்க்-18 மரபணுவில் ஓரெழுத்துப் பிழைகள் தென்பட்டன. ஓரெழுத்து திரிந்தால் சொல் முழுதும் வேறாவதை விளக்கத் தமிழாசிரியர்க்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

சுண்டெலிகளைப்போல் இக்குழந்தைகள் மரபணுவை அறவே இழந்தவர்கள் அல்லர். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்னும் இரு படிகளுள் ஒன்றே பழுதுற்றது. மற்றொன்று நன்றாக இருந்தும் போதவில்லை. உலகில் ஏறத்தாழ 30,000 பிறப்புகளுக்கு ஒன்று இக்குறையுடன் நிகழ்வதாக மதிப்பிடுகின்றனர். எல்லாருக்கும் ஒதாஹாரா நோய் வருவதில்லை. வலிப்பே இல்லாதவரும் உண்டு. பலருக்கு வயது ஏறும்போது வலிப்பு தணிகிறது. ஆனால் அறிவுவளர்ச்சிக் குறை நீடிக்கிறது. கைநடுக்கம், நடைத் தள்ளாட்டம், ஆட்டிசத் தன்மைகள் ஆகியன காணப்படுகின்றன. ஒரு சொல்லும் பேசாதவர் பலர்.

இங்கே ஒரு வினா எழும். செய்திப்பொருள் குறைவாக வெளிவருமானால் மூளை அடங்கியன்றோ கிடக்க வேண்டும்? வலிப்பு என்பது மூளையின் பெருங்கூச்சல் ஆயிற்றே? மூளையில் ‘பேசு’ என்னும் செல்களும் உண்டு, ‘பேசாதே’ என்னும் செல்களும் உண்டு. அடக்கும் செல்களும் தம் ஆணையை நுண்பை வழியாகவே அனுப்புகின்றன. ஒரு படி மரபணுவே உடைய சுண்டெலிகளில் இவ்வடக்கும் செல்களின் பணி நலிந்திருப்பதை 2020இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். அவையடக்குவோர் தளர்ந்துவிட்ட அவையை எண்ணிக்கொள்ளலாம். பேச்சாளர் கூடியதால் எழுந்த கூச்சலன்று அது.

முதுமையிலும் இப்புரதம் தொடர்கிறது. பார்க்கின்சன் நோயில் திரண்டு கட்டியாகும் ஆல்ஃபா சினூக்ளின் என்னும் புரதத்தைத் திரளாமல் காப்பதில் மங்க்-18க்குப் பங்குண்டு என 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று கூறிற்று. அத்துறை இன்னும் விரிந்துவருவது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் விடத்தகாத ஒன்று உண்டு. இம்மரபணுப் பிழை பெரும்பாலான குழந்தைகளிடம் புதிதாகவே தோன்றியது. தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. கருவுக்கு மூலமாகும் செல்லில் மரபெழுத்துகள் படியெடுக்கப்படும்போது நேர்ந்த ஒரு பிழை அது. ஏடு பெயர்த்தெழுதியோர் கையில் நேர்ந்த பிழைகளைப் பாடபேதம் என்று கொள்ளும் பதிப்பாசிரியர் எவரும் அதற்காக மூல ஆசிரியரைக் குறை சொல்வதில்லை. ஆனால் வலிப்புள்ள குழந்தையைப் பெற்றவளை இச்சமுதாயம் என்னவெல்லாம் கேட்டிருக்கிறது! கிரகண வேளையில் வெளியே போனாயா, எதைத் தின்றாய், யார் வயிறெரிந்தார், உன் வீட்டில் யாருக்கு இருந்தது என்று ஒவ்வொரு கேள்வியும் அவளையே குறி வைத்து வரும். முற்பிறப்பு வினை என்று கதையிலும் பாட்டிலும் எழுதி அக்கேள்விகளுக்கு வலுவூட்டியவர்களுள் எழுத்தாளரும் அடங்குவர், அதை மறைப்பதற்கில்லை. குருதிச் சோதனையில் வரும் ஒரு தாள், ‘பெற்றோரிடம் இம்மாற்றம் இல்லை’ என்னும் ஒரு வரி, அத்தனை கேள்விகளுக்கும் விடையாகிறது. நோயை அது தீர்க்காது. ஆனால் அவ்வரியைப் படித்துச் சொல்லித் தரவேண்டிய மொழி அவள் மொழியாக இருக்க வேண்டும். ‘திடீர் மாற்றம்’ என்பதைப் ‘பரம்பரைக் கோளாறு’ என்று யாரோ பெயர்த்துவிட்டால், விடுதலை தரவேண்டிய தாளே விலங்காகிவிடும். கலைச்சொல் ஆக்கம் யாருக்காக என்று கேட்போர்க்கு இவ்வொரு தாயைக் காட்டலாம்.

மருத்துவம் எந்நிலையில் உள்ளது? வலிப்பை அடக்கும் மருந்துகள் ஓரளவு துணை செய்கின்றன. மூலப் பழுதை நீக்குவன அல்ல. திரிந்த மங்க்-18 நிலைகுலைந்து திரண்டு, நல்ல படியிலிருந்து பிறந்த புரதத்தையும் தன்னோடு இழுத்துக் கெடுக்கிறது என்று 2018இல் நியூயார்க் ஆய்வாளர்கள் காட்டினர். யூரியாச் சுழற்சிக் குறைபாட்டுக்கு முன்பே வழங்கிவந்த ஃபீனைல்பியூட்டிரேட் என்னும் மருந்து, திரிந்த புரதத்தைத் தாங்கிப் பிடித்து உருக்கொள்ளச் செய்வதையும் அவர்களே கண்டனர். சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உயிர்களுள் பிரென்னரின் அதே புழுவும் ஒன்று. குழந்தைகளிடம் காணப்பட்ட பிழையை அப்புழுவில் ஏற்றி மருந்தைக் கொடுத்தபோது, அதன் அசைவு மேம்பட்டது. பின்னர் அமெரிக்காவில் சில குழந்தைகளுக்கும் அம்மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு தொடங்கியது. மூளை முழுதும் உருவான பிறகு தரும் மருந்து எவ்வளவு மீட்டுத்தரும் என்பதே இப்போது அவர்கள் முன் நிற்கும் வினா.